எல்லாம் இருக்கு சித்தி

"இந்த வருஷம் பெரியவங்களுக்குப் பரிசு வேணாம், பிள்ளைங்களுக்கு மட்டும் போதும்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது பெர்னடெட்தான். அடேயப்பா, அதற்கு எத்தனை கைதட்டல், எத்தனை இதயம்! கிள்ளானில் இருக்கும் ஓரகத்தி விவியன், "சூப்பர் ஐடியா அக்கா, கிறிஸ்மஸ் வந்தாலே பர்ஸ் காலி லா" என்று எழுதினாள். பெர்னடெட்டின் பர்ஸில் காலியாவதற்கு என்ன இருந்தது? அது அவர்களுடைய செந்தூல் ஃப்ளாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

ஸ்ரீ கெம்பாங்கானில் அவள் புருஷன் வாலண்டைன் இருபத்திரண்டு வருஷம் மிஷின் ஓட்டிய அச்சகத்தை ஆகஸ்டில் இழுத்து மூடிவிட்டார்கள். அக்டோபரில் தவணை கட்ட முடியாமல் காரும் போனது. "லியோனலைப் படிக்க வெச்சது நான். தம்பி முன்னாடி போய் நிக்கிறதா? கிள்ளான் வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது" என்று அவன் ஒரே பிடி. பெரிய மானஸ்தன்! அந்த மானத்தைக் கொடுத்தால் பாசாரில் அரைக் கிலோ கோழி தருவார்களா என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது? விட்டுவிட்டாள்.

விட்டாளே தவிர, சும்மா இருக்கவில்லை. மகள் நடாலி ஜனவரியில் இடைநிலைப் பள்ளிக்கு, ஃபாம் ஒன் போகிறாள். பழைய பையின் பட்டை ஊக்கில் தொங்குகிறது, சப்பாத்து விரலைக் கடிக்கிறது. விவியனோ வருஷா வருஷம் டிசம்பர் பிறந்ததும் நடாலிக்குப் போன் போட்டு, "என்னடி வேணும், சொல்லு" என்று கேட்பாள். கேட்டதை வாங்கியும் தருவாள். நல்ல மனசுக்காரி, குறை சொல்லக்கூடாது. அதனால்தான் பெர்னடெட் பெரியவர்கள் பரிசை நிறுத்திப் பிள்ளைகள் பரிசை மட்டும் விட்டுவைத்தாள். விவியனின் மூன்று பிள்ளைகளுக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஆளுக்கு எட்டு வெள்ளிக்குக் கலர் பென்சில் வாங்கிப் பளபளக் காகிதம் சுற்றியாயிற்று. பதிலுக்குப் பையும் சப்பாத்தும் வந்துவிடும். கை நீட்டிய மாதிரியும் இருக்காது. என்ன வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைக்கே தெரியாதா, தானாகக் கேட்பாள் என்று இருந்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து மூவரும் ரயிலேறிக் கிள்ளான் போனார்கள். "காரு வொர்க்‌ஷாப்ல கெடக்கு" என்றான் வாலண்டைன். "ஆமா சித்தப்பா" என்று நடாலியும் தலையாட்டினாள்.

சாப்பாடு முடிந்து பரிசு பிரிக்க உட்கார்ந்தார்கள். விவியன் நடாலியின் கையில் வைத்த பெட்டி உள்ளங்கை அளவுதான் இருந்தது. பெர்னடெட் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

உள்ளே சென்ட் பாட்டில்.

"ரெண்டு தடவை கேட்டேன் அக்கா. ஃபாம் ஒன்னுக்கு பேக் வாங்கித் தரவா, சூஸ் வாங்கித் தரவான்னு. 'எல்லாம் இருக்கு சித்தி, மம்மி எப்பவோ வாங்கிட்டாங்க'ன்னுட்டா. நீங்க எதுலதான் முந்தலை! அப்புறம் நான் என்னதான் வாங்குறது? அதான் கொஞ்சம் நல்லதா எடுத்தேன், நூத்தி எண்பது வெள்ளி." சொல்லிக்கொண்டே விவியன் பாட்டிலின் சீலைப் பிரித்து, பிள்ளையின் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஆசையாக அடித்துவிட்டாள்.

அந்த இடத்திலாவது வாலண்டைன் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தான், திறக்காமல் என்ன! "ஆமாம்மா, நவம்பர்லயே எல்லாம் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கேக்கைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

பெர்னடெட் சிரித்தாள். எப்படிச் சிரித்தாளோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆகஸ்டில் ஒருநாள் இதே பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கி, "யாரு என்ன கேட்டாலும் எல்லாம் இருக்குன்னு சொல்லணும். வாய் தவறி ஏதாவது ஒளறினே, டாடி உசுரோட இருக்கமாட்டாரு" என்று மிரட்டியது அவள்தானே? பிள்ளை அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது. யாரைத் திட்டுவது?

திரும்பும் ரயிலில் வாலண்டைன் எதிர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டான். ரயில்பெட்டி முழுக்கச் சென்ட் வாசம். நடாலி அம்மாவின் காதருகே வந்தாள்.

"சீல் பிரிச்சிட்டா கடையில திருப்பி எடுக்கமாட்டாங்க, இல்ல மம்மி?"

"மாட்டாங்க."

"சித்தி பேக்குன்னு கேட்டப்ப வேணும்னு சொல்லத்தான் வந்துச்சு. அப்புறம் டாடிய நெனச்சேன். பயமா போச்சு." அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் சரியாத்தானே சொன்னேன்?"

இல்லை என்று எந்த வாயால் சொல்வாள், பாவி? "சரியாத்தான் சொன்னே தங்கம்" என்றாள்.

நடாலி அந்தப் பாட்டிலை மடியில் வைத்து மூடியை இறுக்கி அழுத்தினாள்.

"அப்போ ஸ்கூல் தொறந்ததும் டீச்சர் என் பையைப் பார்த்துக் கேட்டாலும், எல்லாம் இருக்குன்னே சொல்றேன் மம்மி. டாடிக்கு ஒன்னும் ஆகாது, இல்ல?"