விழாத மதில்

மதில் விழக்கூடாதென்று ஊரே கும்பிட்டுக்கொண்டிருக்க, அதைக் காக்க வந்த ஜெனரல் வொசேல் மட்டும் அது விழவேண்டுமென்று மன்றாடினார். கேட்கவே கோளாறாக இருக்கிறதல்லவா? மதிலில் ஓட்டை விழாமல் கோட்டையை எதிரியிடம் கொடுத்த தளபதிக்கு மரணம்தான் பிரெஞ்சுப் படையின் சட்டம். முற்றுகையிட்டிருந்த ஜெர்மானியர்களான பிரஷ்யர்களோ குண்டே போடவில்லை. சுற்றிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து ஊரைப் பட்டினி போட்டார்கள்.

தச்சன் மகனாகப் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, அல்ஜீரியாவில் காய்ந்து, கிரிமியாவில் விறைத்து, தலை நரைத்தபின் ஜெனரலானவர் வொசேல். இந்த மதிலையும் கூடவே நின்று பலப்படுத்தியவர் அவர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

குதிரைக் கறியும் தீர்ந்த அன்று, சலவைக்காரி கிளோதில்த் காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஜெனரலின் அறைக்குள் வந்தாள். அவள் புருஷன் பீரங்கிப் படையில் இருந்தான். இடுப்புப் பிள்ளையின் தலை தொங்கிக் கிடந்தது.

"மூத்தவனைப் புதைச்சிட்டு வர்றேன் ஐயா. இதையும் புதைக்கணுமா? செவுத்துல ஓட்டை விழட்டும்னு காத்திருக்கீங்களாமே, எங்க வயித்துல விழுந்தது பத்தாதா?"

அவள் போனதும் மேஜர் ரூசியோ கிட்டே வந்தார். "நாமளே வெடி வெச்சு உடைச்சிடலாம் ஜெனரல். எவனுக்குத் தெரியப்போகுது?"

வொசேலுக்கும் சபலம் தட்டியது. உயிராசை யாரை விட்டது?

"செவுத்தை ஒட்டி ஆஸ்பத்திரிய்யா," என்றார் கடைசியில். "எந்திரிக்க முடியாதவனுங்க படுத்திருக்கானுங்க. என் தலைக்காக அவனுங்க தலையில கல்லைப் போடச் சொல்றியா? வெள்ளைக் கொடிய ஏத்து."

"உங்களைச் சுட்டுடுவாங்க."

"சுடட்டும். ஏத்துய்யா!" என்று கத்திவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் கோட்டைக் கதவு திறந்தது. பிரஷ்யர்களின் ரொட்டி வண்டிகள் உள்ளே வந்தன. பிரெஞ்சுச் சிப்பாய்கள் கைதிகளாக வெளியே நடந்தார்கள். "கோழைப் பயலே!" என்று ஒருவன் ஜெனரலின் முகத்திலேயே காறித் துப்பினான். துடைத்துக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை.

கைதி வரிசையில் புருஷனைக் கண்ட கிளோதில்த் ஓடிவந்து ஜெனரலின் சட்டையைப் பிடித்தாள்.

"அடப்பாவி! செவுரு குத்துக்கல்லாட்டம் நிக்குதே, எதுக்குய்யா என் புருஷனைப் புடிச்சுக் குடுத்தே? உன்னைச் சுடறப்போ நான் வந்து பாக்கணும்!"

அவள் இடுப்பில் பிள்ளை வாய்கொள்ளாமல் ரொட்டியை அடைத்துக்கொண்டு, அதை முழுங்குவதற்குள் இன்னொரு துண்டு கேட்டு வீறிட்டது.