ஐஸ்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே

நோட்டீஸ் திங்கட்கிழமை வந்தது. ஓசூர்ப் பக்கம் கெலமங்கலம் தாண்டி, முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் சின்னராஜ் பெயருக்கு ஒன்று, அந்தப் பக்கம் அவன் அண்ணன் கங்கப்பன் பெயருக்கு ஒன்று. பாகம் பிரிந்து மூன்று வருஷத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

சின்னராஜ் பூ வண்டியோடு பெங்களூர் போயிருந்தான், திரும்பி வர வெள்ளிக்கிழமை ஆகும். அவன் மனைவி ஜெயப்ரியாதான் பிரித்துப் படித்தாள். நீங்கள் வளர்க்கும் சிவப்பு ரோஜா வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உருவாக்கிய ரகம். அதை அனுமதியில்லாமல் மொட்டு ஒட்டுக் கட்டிப் பெருக்கியிருக்கிறீர்கள். புதிய பயிர் ரகங்களைப் பாதுகாக்கும் யூபோவ் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர் என்பதால் இது குற்றம். வியாழக்கிழமை எங்கள் ஆள் வருவதற்குள் செடிகளைப் பிடுங்கிவிட்டால் வழக்கு இல்லை, இல்லாவிட்டால் உண்டு. கீழே பெங்களூர் விலாசம், ஹரீஷ்குமார் என்று கையெழுத்து.

அரை ஏக்கரில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பாலிஹவுஸ், பதினாலாயிரம் செடி. மாமனார் உயிரோடிருந்தபோது யாரோ ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்த குச்சிகளிலிருந்து மொட்டெடுத்துக் கட்டியது. பிரியும்போது அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி மொட்டு எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அந்தப் பூவை விட்டால் வேறு வரும்படி கிடையாது. அந்தப் பக்கமும் அப்படித்தான்.

ஜெயப்ரியாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம், எப்போதிலிருந்து செல்லும் என்று இணையத்தில் தேடிப் பார்ப்பதே அங்கே பிழைப்பு. அவளுடைய மேனேஜர் ஒரு கண்டிப்புப் பேர்வழி. உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்புறம் படி, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார் என்பார். கையெழுத்துப் போடுவது நிச்சயதார்த்தம், அரசாங்கம் அதை ஏற்பதுதான் தாலி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்பார். பார்த்ததை உடனே தேதியோடு அச்செடுத்து வை, தேதியில்லாத தாள் குப்பை என்றும் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை காலை கெலமங்கலம் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். யூபோவின் தளத்திலேயே உறுப்பினர் பட்டியல் இருந்தது. ஆங்கில அகரவரிசை. ஹங்கேரி, ஐஸ்லாந்து, அடுத்தது அயர்லாந்து. இந்தியா இருக்க வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவே. அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் பார்ப்போமே என்று உடன்படிக்கைகளைத் தொகுத்து வைத்திருக்கும் இன்னொரு தளத்தையும் பார்த்தாள். அங்கேயும் இல்லை. நம் அரசாங்கத்தின் பயிர் ரகப் பதிவேட்டில் நோட்டீசில் இருந்த ரோஜாவின் பெயரைத் தட்டினாள். பூஜ்யம் என்று வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பழக்கதோஷத்தில் பட்டியலைத் தேதியோடு இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று எதிராளிக்கு, ஒன்று நமக்கு.

அன்று சாயங்காலம் கங்கப்பன் வேலியோரம் வந்து நின்றார். இந்த வேலியை ரோட்டு வழிக்குக் குறுக்கே அவர்தான் போட்டார். அதனால் இவள் வீட்டுப் பூப்பெட்டிகள் தினமும் தலைச்சுமையாக ஊரைச் சுற்றி ரோட்டுக்குப் போகின்றன. போதாததற்கு ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், கம்பெனியில் பேப்பர் புரட்டினவளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு இலையிலிருந்து அவளை எழ வைத்த மனிதர். மூன்று வருஷம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், இன்று பேசினார்.

"ஏம்மா, உங்களுக்கும் அந்த நோட்டீசு வந்துச்சா?"

வந்தது என்றாள்.

"பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போறதுக்கு பாஸ்போர்ட்டு எழுதிப் போட்டிருக்குது. நோட்டீசு அனுப்புன ஆளுக்குப் போனு போட்டுக் கேட்டேன். கேசு ஆனா அதுவும் நின்னுபோகும்ங்கறான் அந்த ஆளு. உனக்கு இந்தப் பேப்பருங்க வெவரம் தெரியுமில்ல?"

அவள் கையில் இருந்த பைக்குள்தான் இரண்டு பிரதியும் இருந்தன. ஒன்றை எடுத்து வேலிக்கு மேலாக நீட்டியிருக்கலாம், அரை நிமிஷ வேலை. அவளுக்கு அந்தக் காதுகுத்து இலை நினைவுக்கு வந்தது. பாதி சாப்பிட்ட சோறு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டினால்தான் இந்த மனிதருக்கு உறைக்கும்.

"எனக்கு என்னாங்க மாமா தெரியும்? வக்கீலக் கேளுங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் தூங்கினாள்.

புதன்கிழமை காலையிலிருந்து அந்தப் பக்கம் பவர் டில்லர் சத்தம். பாலிஹவுஸ் ஷீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பின்னால் இருக்கும் காலி நிலத்தை உழுகிறார்களாக்கும் என்று ஜெயப்ரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவள் காதுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

வியாழன் பத்து மணிக்கு ஹரீஷ்குமார் காரில் வந்தான். முதலில் அந்தப் பக்கம் போய்விட்டு, பிறகு காரை அங்கேயே விட்டுச் சுற்றி நடந்து இங்கே வந்தான். பின்னாலேயே கங்கப்பனும் அவர் மனைவி பூங்கொடியும் வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. இவள் செடி போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெயப்ரியாவுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

அவன் செடிகளைப் படமெடுக்கப் போனை நீட்டினான். அவள் குறுக்கே நின்று, இந்தியா உறுப்பினர் என்று எந்தப் பட்டியலில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். இதெல்லாம் லீகல் டிபார்ட்மெண்ட் விஷயம் மேடம் என்றான் அவன். அவள் தாளை நீட்டினாள்.

"இது அவங்க தளத்துல இருக்கற பட்டியல். ஐஸ்லாந்து இருக்குது, அயர்லாந்து இருக்குது. நடுவுல இந்தியா எங்க? தொட்டுக் காட்டுங்க."

அவன் பார்த்தான். தன் போனிலும் தேடிப் பார்த்தான். சேருவதற்கு எப்போதோ விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சேர்ந்துவிடுவார்கள் என்றான்.

"பொண்ணு கேட்டதோட நிக்குது. நீங்க சீமந்தத்துக்குப் பத்திரிகை அடிச்சிட்டீங்களா?" என்றாள் ஜெயப்ரியா. "நம்ம பதிவேட்டுலயும் உங்க ரோஜா இல்ல. பார்த்துட்டேன். நோட்டீச வாபஸ் வாங்குறேன்னு இந்தத் தாளு பின்னால எழுதிக் குடுங்க. இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல இந்த நோட்டீசோட நான் நிப்பேன்."

அவன் தள்ளிப் போய் யாரிடமோ கன்னடத்தில் நெடுநேரம் பேசினான். திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் காரை எடுக்கப் போனான்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். இன்னொரு பிரதியை எடுத்துக் கங்கப்பனிடம் நீட்டினாள். மண்ணைப் பற்றித் தெரியாதவள் செடியைக் காப்பாற்றிவிட்டாள் பாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"நேத்தே டில்லர் விட்டு ஓட்டிட்டேம்மா. ஒரு செடி இல்ல" என்றார் அவர்.

அவருக்கு ஆங்கிலம் வராது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். பூங்கொடி பிளஸ் டூ வரை படித்தவள். அவள் ஐஸ்லாந்தைப் பார்க்கவில்லை, அயர்லாந்தையும் பார்க்கவில்லை. தாளின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"பதினெட்டாந் தேதி, காலைல பதினொன்னு இருவது." விரல் விட்டு எண்ணினாள். "பதினெட்டு செவ்வாக்கெழம."

கங்கப்பன் நிமிர்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயப்ரியாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நான் வேலிகிட்ட வந்தது சாயந்தரம்" என்றார்.

தன் மீதே அப்படி ஒரு அருவருப்பு ஜெயப்ரியாவுக்கு அதுவரை வந்ததில்லை. எங்கள் செடியிலிருந்து மொட்டு எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நானே கூட நின்று கட்டித் தருகிறேன் என்றாள். பூங்கொடி காறித் துப்பிவிட்டு முன்னால் நடந்தாள்.

கங்கப்பன் அந்தத் தாளை நான்காக மடித்தார். ஜெயப்ரியா என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப வாங்குவதற்குக் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். தேதி போட்டிருக்குதில்ல."