ஆம்ப்ரோஸ் கையில் கடப்பாரை

1978இல் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குப் பண்டகசாலையில் நான் குமாஸ்தா. எனக்கு ஆங்கிலம் பேச வரும் என்று நானே பரப்பிய வதந்தியால் வந்த வினை இது.

லாரி நுழைய வாசல் வைப்பதற்காகப் பின்சுவரை இடிக்க வேண்டும். இடிக்கத்தான் ஆளில்லை. அந்தச் சுவரின் மாடத்தில் காப்பிரி முத்தப்பன் இருக்கிறார். போர்ச்சுக்கீசியர் தோற்று ஓடும்போது, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமை ஒருவரைக் கொன்று, புதையலுக்குக் காவலாகச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. எல்லா மதத்தாரும் சுருட்டும் கள்ளும் அவித்த முட்டையும் வைத்து வேண்டிக்கொள்வார்கள்.

சுமை தூக்குபவர்களின் மேஸ்திரி ராசப்பன் கையை விரித்துவிட்டான். "வேற சுவரு இருந்தா சொல்லுங்க சாமி. இவரு மேல கடப்பாரை போட்டுட்டு நான் வீட்டுல போயித் தூங்கணுமா?"

மேனேஜர் அனந்தநாராயணன் யோசித்தார். அவர் யோசித்தால் அலைவது நான்தான். "கப்பல்காரன் ஒருத்தனைச் சாயாக்கடையில பார்த்தேன். நல்ல கறுப்பு. முதல் இடி அவன் இடிக்கட்டும். சொந்தக்காரனை முத்தப்பன் ஒண்ணும் பண்ண மாட்டார். பாக்கியை இவா பார்த்துப்பா."

ராசப்பன் அரைமனதாகத் தலையாட்டினான். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது அபார யோசனையாகத்தான் பட்டது.

ஆம்ப்ரோஸ் ஜமைக்காக்காரர். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. 'பழைய சுவர், விருந்தாளி முதல் அடி அடிப்பது எங்கள் சடங்கு' என்று அளந்து அழைத்துவந்தேன். சிரித்துக்கொண்டே வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார். அப்போதுதான் மாடம் கண்ணில் பட்டது.

"இது யாருக்கு?"

பின்னால் சுமை தூக்குபவர்கள் பன்னிரண்டு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். "என்னடா கேக்கறான்? வேகம் அடிக்கச் சொல்லு" என்றார் மேனேஜர்.

இந்தக் கதையை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். முத்தப்பன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்பதுபோல் நடித்தும் காட்டுவேன். நன்றாகச் சிரிப்பார்கள். இப்போது அந்த நடிப்பு கைகொடுக்கவில்லை. "இங்கே ஒரு புதையல்..." என்று ஆரம்பித்தேன்.

கடப்பாரை மெல்லக் கீழே இறங்கியது.

"யார் காவலிருப்பது என்று எஜமான் கேட்டிருப்பான்" என்றார் ஆம்ப்ரோஸ். "நானிருக்கிறேன் என்று ஒருவன் சொல்லியிருப்பான். அவனையே கொன்று மேலே போட்டு மூடியிருப்பார்கள்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்கள் ஊரில் ஒரு இலவமரத்தடியில் ஒருவர் இருக்கிறார். ஸ்பானியர்களின் புதையலுக்குக் காவல். நாங்கள் ரம் ஊற்றுவோம். இவர் பேர் என்ன?"

"காப்பிரி." ஆப்பிரிக்கர்களை இழித்துக் கூப்பிடும் அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அது எஜமான்கள் கூப்பிட்டது. பேரைக் கேட்டேன்."

"தெரியாது."

"என்னை எதற்கு அழைத்துவந்தாய்?"

கைவசம் நாலைந்து பொய்கள் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. "நீங்கள் சொந்தம், அதனால் உங்களை ஒன்றும் செய்யமாட்டார் என்று..."

கடப்பாரையையும் என் தலையையும் மாறிமாறிப் பார்த்தார். என் தலை சார்பாக எனக்கே வாதாட முடியவில்லை.

"நீ இங்கே எதுவும் வைத்ததுண்டா?"

"சுருட்டு மட்டும். மூன்று முறை, பரீட்சைக்கு முன்னால்."

"அப்படியானால் உனக்கும் சொந்தம். நீ அடி." என் கையில் திணித்தார்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மேனேஜர் பல்லைக் கடித்தார். "வெங்கிடாசலம், நீயாவது அடிச்சுத் தொலை. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

பேனாவை விடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லை. கடப்பாரையைத் தரையில் வைத்தேன்.

"சரி, வரலை சார்."

"அவரு என்ன சொன்னாரு சாமி?" என்றான் ராசப்பன். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் கடப்பாரையின் மேல் காலை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"அவங்க ஊரு மரத்தடிக்காரரைப் பத்திச் சொல்லச் சொல்லுங்க" என்றான் ராசப்பன்.

ஆம்ப்ரோஸும் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவைக்கவில்லை. லாரிக்காரன் ஹாரனை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, தள்ளி நின்ற மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"அந்த மரத்தை இப்போ யார் பார்த்துக்கறான்னு கேளுடா."