உள்பக்கத் தாழ்ப்பாள்

1.

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் குழாய் வாஷர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு நடுவயதுத் தம்பதி. வீட்டில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன இடத்துக்குக் கதவு வேண்டுமாம். சாதாரணக் கதவைத் திறந்தால் நடைவழி அடைபடும். ஸ்லைடிங் கதவு நகர்வதற்குப் பக்கச் சுவரில் இடமில்லை. கடைக்காரர் ஜுல்ஃபிகர் ஒரு பிவிசி மடக்குக் கதவை விசிறி போல மடக்கிக் காட்டினார்.

"இதுக்கு உள்பக்கம் தாப்பா வைக்கலாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உள்பக்கமா? மெஷினா எழுந்து வந்து தாப்பா போடப் போவுது?"

கணவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "உள்ள தாப்பா இல்லாட்டி எனக்குக் கதவே வாணாம்."

வாஷர் வாங்க மறந்துவிட்டேன். (குழாய் இன்னும் ஒழுகுகிறது. அது வேறு பஞ்சாயத்து.)

2.

துவைக்கிற இடத்தை எதற்கு உள்ளிருந்து பூட்ட வேண்டும்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. எழுத உட்கார்ந்தேன். அவர் கழுத்தில் சிலுவை டாலர் பார்த்ததால் ஜெயசீலி என்று பெயர் வைத்தேன். கணவர் கிறிஸ்துராஜ். மேனாம்பேட்டில் ஒரு பெட்ரூம் வீடு. எல்லாம் என் உபயம்.

ஜெயசீலி அழுவதற்கு ஓர் இடம் தேடி...

வேண்டாம். நம் கதைகளில் பெண்கள் வேண்டிய மட்டும் அழுதாகிவிட்டது.

ஜெயசீலி யாருக்கும் தெரியாமல் போனில்...

சீ. ஒரு பெண் கதவைச் சாத்தினால் என் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

3.

ஜெபம் செய்யத்தான். இதை எழுதியதும் கதை தானாக நகர்ந்தது.

ஜெயசீலிக்கு மனதுக்குள் ஜெபிக்க வராது. வாய்விட்டுச் சொன்னால்தான் சொன்ன மாதிரி. பெட்ரூமில் ஷிஃப்ட் முடித்து வந்த கிறிஸ்துராஜ் தூங்குவார். பாத்ரூமில் ஆண்டவரைக் கூப்பிட அவளுக்கு மனம் ஒப்பாது. அதனால் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அங்கே உட்கார்ந்து, மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றிச் சொன்னாள். கிறிஸ்துராஜ் காதில் விழுந்தது. பதறிப்போய்ச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் 'அவசர ஜெபக் குறிப்பு' என்று போட்டுவிட்டார்.*

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் மீன் வாங்கும் இடத்தில்கூடச் சபைப் பெண்கள் முதலில் அவள் மார்பைத்தான் பார்த்தார்கள்.

"பாசத்துலதான் போட்டேன் சீலி. நாலு பேர் ஜெபம் பண்ணா நல்லதுதானே?"

"ஆண்டவர்கிட்டதாங்க சொன்னேன். ஊர்கிட்டயா சொன்னேன்?"

அன்றோடு அவள் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். தன் பேச்சைக் கேட்க ஒருத்தருமே இல்லாமல் போனது போல் இருந்தது அவளுக்கு. பாவமாக இருக்கிறது எனக்கு.

* அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சபை வீடுகளில் ஜெபக் குறிப்பு அனுப்புவதுதான் அன்பு.

4.

முடிவு ஒன்று: கிறிஸ்துராஜ் தாழ்ப்பாள் வாங்க மறுக்கிறார். [அடித்துவிட்டேன். கடையில் அந்த மனிதர் வாங்கத்தான் செய்தார். கண்ணால் பார்த்தேன்.]

முடிவு இரண்டு: தாழ்ப்பாள் பொருத்தியாயிற்று, எல்லாம் சுபம். [பிவிசி பலகை அப்பளம் கனம்தான் இருக்கும். உள்ளே பேசினால் வெளியே கேட்காதா?]

5.

ஆக, இங்கே வந்து நிற்கிறேன். கதவு மாட்டியாயிற்று. கிறிஸ்துராஜே ஸ்க்ரூ முடுக்கினார். ஜெயசீலி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். மெஷின் ஓடவில்லை. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆண்டவரே" என்றாள்.

கதவு மிச்சம் பிடித்துக் கொடுத்த நடைவழியில் கிறிஸ்துராஜ் நிற்கிறார். அடுத்து, ஜெபத்தில் இவர் பெயரைச் சொன்னாள். அவர் கால் நகரவில்லை.

அவள் மேற்கொண்டு சொல்வது எனக்கும் கேட்கிறது. எழுதுகிறவன் நான்தானே, கேட்காமல் இருக்குமா? ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். நல்ல பத்தி. படித்தால் கலங்கிவிடுவீர்கள். ஆனால் அதை இங்கே போட்டால் நானும் குரூப்பில் போட்ட ஆள்தான். அழித்துவிட்டேன்.

கிறிஸ்துராஜ் நிற்பாரா, போவாரா என்று நான் சொல்வதாக இல்லை. அவர் பக்கத்தில் நீங்களும்தான் நிற்கிறீர்கள். முதலில் நீங்கள் நகருங்கள், பார்ப்போம்.