பத்துத் திரி

ஏழாம் வகுப்பின் பூகோளப் பரீட்சைத்தாள் நாற்பத்திரண்டும் திருத்தாமல் மேசையில் கிடக்க, சங்கரி டீச்சர் செல்போனில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று நேற்றல்ல, மூன்று வாரமாக இதே வேலை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இத்தனை நுணுக்கமாகப் பார்த்ததில்லை. அதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. வந்தவர்கள் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லாமல் சொல்லிவிட்டுப் போன காரணம் ஒன்றுதான்: தாய் எரிந்து செத்த வீட்டுப் பெண். சங்கரிக்கு இப்போது முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. அந்தப் பேச்சையெல்லாம் அவள் எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு டீச்சர்கள் லடாக்குக்குப் போய், முதுகில் பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் மலையில் நடப்பதாகத் திட்டம். கூட்டத்துக்குத் தலைவி பி.டி. டீச்சர் ஃபெபி. கூடாரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அடுப்பைச் சங்கரி தலையில் கட்டினாள்.

"கேஸ் டப்பாவ பிளேன்ல ஏத்த விடமாட்டான், பாத்துக்கோ. அங்கன மலையில ஒரு ஊர்ல மண்ணெண்ணெய் கெடைக்கும், ஒரு ஊர்ல பெட்ரோல்தான் கெடைக்கும். எத ஊத்துனாலும் எரியணும். வெல நம்ம சம்பளத்துக்குள்ள அடங்கணும். அம்புட்டுதான்."

சொன்ன பிறகு யாரோ ஃபெபி காதில் விஷயத்தைப் போட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எனக்குத் தெரியாதுட்டி. ஒங்கம்மா... நீ விட்டுரு, அடுப்ப நா வாங்குதேன்."

"இல்ல, நானே பாக்கேன்" என்றாள் சங்கரி.

வீம்பில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா சித்ரலேகா ஸ்டவ் வெடித்துச் செத்தவள். சங்கரி அப்போது ஒன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் ஸ்டவ் என்ற சொல்லையே யாரும் எடுத்ததில்லை; பதினாறு கழிந்த மறுவாரமே கேஸ் அடுப்பு வந்துவிட்டது. அப்பா குமரகுருபரன் மில் ஆபீஸில் கிளார்க். ஊரே கெஞ்சியும் மறுகல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், பிள்ளைக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்ட மனுஷன். இன்றைக்கும் அவர் இருமினால் சங்கரிக்குத் தூக்கம் கலையும். அவரைத் தனியே விட்டுவிட்டுப் பன்னிரண்டு நாள் போவது இதுதான் முதல்தடவை. போகிற இடத்தில் தன் கையால் பற்றவைக்கப்போகிற அடுப்பு வெடிக்காத அடுப்பாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். உலகத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள்.

அதனால் படித்தாள். படித்துப் படித்து, டைனமோ தெரிந்த சயின்ஸ் டீச்சருக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பாட்டிலில் எண்ணெய், அதன் கழுத்தில் பம்பு, பம்பு அடித்தால் உள்ளே காற்று நெருக்கும், அந்த நெருக்கலில் எண்ணெய் குழாய் வழியாக ஏறி, சூட்டில் ஆவியாகி, ஊசித்துளை வழியாகச் சீறிக்கொண்டு வந்து எரியும். மண்ணெண்ணெய்க்கு ஒரு துளை, பெட்ரோலுக்கு ஒரு துளை, மாற்றிப் போட்டால் புகையும். வெளிநாட்டு அடுப்பு பதினெட்டாயிரம். அதைப் பார்த்தே செய்த மலிவு அடுப்பு நாலாயிரத்துச் சொச்சம். மலிவு அடுப்பு வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் எழுதியிருந்தார்கள்: பம்பின் தோல் வாசர் சீக்கிரம் போய்விடுகிறது, காற்று ஒழுகுகிறது, உங்கள் ஊரில் வாசர் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். சங்கரி மலிவு அடுப்பையே வாங்கினாள். பார்சல் வந்ததும் அதை அப்படியே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள்.

மேல ரதவீதியிலிருந்து பிரியும் சந்தில் முத்துமாலை அண்ணாச்சியின் கடை. குக்கர் கைப்பிடி, மிக்ஸி ஜார், கேஸ் டியூப் என்று ஏதேதோ தொங்கியது. ஒரு காலத்தில் ஜில்லா முழுக்க அவரிடம்தான் ஸ்டவ் ரிப்பேருக்கு வரும். அடுப்பைக் கையில் வாங்கிப் பம்பைக் கழற்றி, வாசரை விரலில் போட்டு நெருடிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா? நம்ம பழைய பம்பு ஸ்டவ்வத்தான் மடக்கிப் பைக்குள்ள வைக்க மாதிரிப் பண்ணியிருக்கான். வாசர் நம்மகிட்ட கெடக்கு டீச்சர், டசன் கணக்குல. தேங்காண்ணெயில ஊறப்போட்டு மாட்டுனியன்னா ஒங்க ஆயுசுக்கும் வரும்."

"வெடிக்குமா, அண்ணாச்சி?"

"சூட்டோட மூடியத் தொறந்தா வெடிக்கும். கழுத்து வரைக்கும் எண்ணெய ஊத்துனா வெடிக்கும். காத்து அடைச்சுக் கெடக்குல்லா? நீங்க பைய, நெதானமாச் செஞ்சா ஒண்ணும் ஆவாது." சொல்லிக்கொண்டே வாசரை மாற்றினார். கை வேலையிலும் வாய் பழைய காலத்திலும் இருந்தது. "முன்னாடி போலீஸ் ஸ்டேசன்ல இருந்து ஸ்டவ்வத் தூக்கிட்டு வருவாவ. வெடிச்சதான்னு பாத்துச் சொல்லும்பாவ. பாத்தா தொட்டியில ஒரு கீறல் இருக்காது. வாசர் புதுசு கெணக்கா இருக்கும். நா என்னத்தச் சொல்ல? பாவம், ஸ்டவ்வுக்கு வாயா இருக்கு? இன்னுஞ் சில பேரு இருக்கானுவ, திரி ஸ்டவ்வத் தூக்கிட்டு வந்து வெடிச்சிட்டுன்னு சொல்லுவான். எனக்குச் சிரிப்பா வரும்."

"ஏன்?"

"திரி ஸ்டவ்வுல ஏது காத்து? ஏது பம்பு? வெளக்கு கெணக்கா எண்ணெ தானா ஏறி எரியுது. கவுந்தாப் பத்தும், அது வேற. வெடிக்கணும்னா உள்ள ஏதாவது நெருக்கணும்லா? சும்மா கெடக்க அடுப்பு மேல பழியப் போட்டா?" அவர் சிரித்தார். பம்பை நாலு தடவை அடித்துக் காதோரம் வைத்து ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு குவாட்டர் பாட்டிலில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தார். ரேஷனில் வராத எண்ணெய், அவர் வைத்திருந்தது. "கொண்டு போயி எரிச்சுப் பாருங்க."

சங்கரி ஸ்கூட்டரை எடுத்தாள். ஜங்ஷன் தாண்டி ஆற்றுப்பாலம் ஏறும்வரை ஒன்றும் இல்லை. கொக்கிரகுளம் சிக்னலில் நிற்கும்போது மடியில் இருந்த பாட்டிலிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. அந்த வாடையோடு கூடவே ஒரு பச்சை நிற ஸ்டவ் வந்து அவள் முன்னால் நின்றது.

பச்சை பெயிண்ட், ஒரு பக்கம் உதிர்ந்திருக்கும். பக்கவாட்டில் திரியை ஏற்றி இறக்குகிற சின்னக் கம்பி. வெள்ளிக்கிழமை அம்மா அதை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, கருகின திரி நுனியைக் கத்திரியால் வெட்டுவாள். மகள் குந்தி உட்கார்ந்து எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு. சங்கரி பத்துவரை எண்ணப் படித்ததே அந்தத் திரிகளில்தான். முப்பத்திரண்டு வருடமாக அந்த ஸ்டவ்வும் அவளுக்குள்ளேதான் இருந்தது, வெடித்த ஸ்டவ்வும் அவளுக்குள்ளேதான் இருந்தது. இரண்டும் ஒரே அடுக்களையில் இருந்த ஒரே அடுப்பு என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லையே! பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள், எந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது என்று சொல்லாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவள். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வந்தபோது தெரு நிறைய ஆட்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்தது வாழை இலையில் சுற்றின ஒன்று. அப்பாவின் அக்கா கோமு அத்தை அவளைப் புறவாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மடியில் இருத்தினாள். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருடம் முடிய இரண்டு மாதம் பாக்கி இருந்தது; ஏழு வருடத்துக்குள் செத்தால் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., விசாரணைக்கு வருவார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை சொல்லிக்கொடுத்தாள். "ஏளா, ஐயா வந்து கேட்டா என்ன சொல்லணும்? அம்மா பம்பு அடிச்சா. ஸ்டவ் வெடிச்சிட்டு. நா பாத்தேன். சொல்லு பாப்போம்." பம்பு என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அத்தை அவள் கட்டைவிரலைப் பிடித்து, காற்றில் இப்படி இப்படி அடித்துக் காட்டினாள். கண்ணாடி போட்ட ஆர்.டி.ஓ. நல்ல மனுஷர், தலையைத் தடவிக் கேட்டார். அவள் சொல்லி, கையால் அடித்தும் காட்டினாள். ஆறு வயசுப் பிள்ளை என்னத்தைப் பொய் சொல்லப்போகிறது என்று அவர் எழுந்துவிட்டார். ஸ்டவ் வெடித்தது என்ற வார்த்தை அப்போது ஊரில் எல்லார் வாயிலும் இருந்தது, அத்தை யோசிக்காமல் அதை எடுத்துக்கொண்டாள். தன் தம்பி வீட்டு அடுக்களையில் இருப்பது என்ன ஸ்டவ் என்று அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. விசாரிக்க வந்தவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் சங்கரிக்குக் காந்தம் வைத்த பென்சில் டப்பா கிடைத்தது.

கோமு அத்தை செத்து நாலு வருடமாகிறது. மிச்சம் இருப்பது அப்பா ஒருவர்தான்.

மூன்று நாள் அவளால் கேட்க முடியவில்லை. காப்பி கொடுத்தாள், பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தாள், மூட்டுக்குத் தைலம் தடவினாள். தடவும்போது அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவே ஊற்றிக்கொண்டாளா, யாராவது ஊற்றினார்களா, அத்தையா, இவரா, ஏன். ஒரு கேள்விக்கும் பதில் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அம்மாவுக்கு என்ன நடந்திருந்தாலும், அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடியது தன் கட்டைவிரல். ஃபெபி போன் பண்ணி, "அடுப்பு எரியுதாட்டி?" என்று கேட்டாள். "இன்னைக்குப் பாத்துருதேன்" என்றாள்.

சாயங்காலம், இப்போது அவர்கள் இருக்கிற பெருமாள்புரம் வீட்டுப் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அடுப்பை விரித்து வைத்தாள். அப்பா வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் இமயமலைக்குப் போகிறாள் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவள் பாட்டிலில் எண்ணெயை ஊற்றிப் பம்பை முறுக்கினாள். பிறகு கட்டைவிரலால் அடித்தாள். அத்தை பிடித்துச் சொல்லிக்கொடுத்த அதே அசைவு. அன்றைக்குக் காற்றில் அடித்தது, இன்றைக்கு விரலுக்குக் கீழே உண்மையிலேயே ஒன்று எதிர்த்துத் தள்ளியது. பற்றவைத்தபோது முதலில் மஞ்சளாகப் புகைந்தது. பிறகு நீலத்துக்கு மாறி, பெருஞ்சத்தத்தோடு எரிந்தது. அலுமினியப் போணியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி மேலே வைத்தாள்.

அப்பா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இந்தச் சத்தம் போடுது! நம்ம வீட்டு ஸ்டவ் மூச்சுக் காட்டாதே. ஒங்கம்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பத்துத் திரியையும் ஒரே மட்டமா வெட்டி வச்சிருவா. தீ அப்படிப் பூவாட்டம் நிக்கும்."

முப்பத்திரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி அவர் வாயால் நல்லதாக வந்த முதல் பேச்சு அது. சொல்லி முடித்த முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அது அப்படியே நின்று, பிறகு மெதுவாக எங்கேயோ போயிற்று. கை இன்னும் காதோரத்திலேயே இருந்தது.

"பத்துத் திரிதானப்பா?" என்றாள் சங்கரி.

அவர் நீட்டியிருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்போ ஆர்.டி.ஓ.கிட்ட நா பம்புன்னு சொன்னேனே. நீங்களும் பக்கத்துலதான நின்னிய?"

"நீ சின்னப் பிள்ள, தாயி."

"சின்னப் பிள்ளதான். நா அத ஒங்ககிட்ட கேக்கல."

அப்பா கையைக் காதிலிருந்து எடுத்து முழங்கால் மேல் வைத்தார். அடுத்த வீட்டில் யாரோ பைப்பைத் திறந்து குடத்தை வைத்தார்கள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவர் தீயைப் பார்க்காமல் துவைக்கிற கல்லைப் பார்த்துச் சொன்னார். "அணைச்சிரும்மா. தண்ணி கொதிச்சிட்டுல்லா."

தண்ணீர் கொதித்துத் தளும்பிக்கொண்டிருந்தது. சங்கரி குந்தி உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். எண்ணெய்க் குழாயின் திருகை மூடவில்லை, பம்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள். "எண்ணெ இன்னும் கெடக்கு. நீங்க சொல்லுத வரைக்கும் எரியட்டும்" என்றாள். அடித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சின்னக் குரலில் வாய் தானாக எண்ணியது. நீலத் தீ உயர்ந்து போணியின் விளிம்பைத் தாண்டியது. பத்து ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். தண்ணீர் வற்றிப் போணியின் அடி படபடவென்று தெறிக்கத் தொடங்கியது. இறக்கிவைக்க இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.