தூதருக்குப் பொன்னாடை

எங்கள் வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் ஏதோ ஒரு தீவு நாட்டுக்கு இந்தியத் தூதராகிவிட்டார். எங்கள் லேக் மார்க்கெட் பேட்டைத் தமிழர்களுக்கெல்லாம் பெருமை. என் சித்தி நாகலட்சுமிக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

சித்தியின் காபிப்பொடிக் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட முதலாளி போட்ட வழக்கு ஒன்பது வருஷமாக அலிப்பூர் கோர்ட்டில் கிடக்கிறது. சித்தி பக்கம் இவர்தான். இவர் வாதாடி யாரும் பார்த்ததில்லை. வாய்தா வாங்குவார். நீதிபதி, எதிர்த்தரப்பு வக்கீல், குமாஸ்தா எல்லோரும் சந்தோஷப்படும்படி வாங்குவார். அந்தத் திறமையை டெல்லியில் யாரோ கவனித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கடைசி விசாரணை. வக்கீல் நிற்காவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு, கடை போச்சு. பழைய வக்கீல் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால்தான் புது வக்கீல் கேஸைத் தொடுவார். அந்தக் கையெழுத்துக்குச் சித்தி நடையாய் நடந்தாள். ஐயா விருந்துக்குப் போயிருக்கிறார். ஐயா சூட் தைக்கப் போயிருக்கிறார். மனுஷன் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் எட்டாத தூரம்!

சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா. தொகுப்பாளன் நான், தமிழ் வாசிக்கத் தெரிந்த காலேஜ் பையன் வேறு கிடைக்கவில்லை. பொன்னாடை போர்த்துபவர் என்று சித்தியின் பெயரை நுழைத்துவிட்டேன்.

சித்தி மேடையேறினாள். ஒரு கையில் பொன்னாடை, மறு கையில் காகிதம்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து."

"இதுக்கு இதுவா இடம்? அங்கே போய்ச் சேர்ந்ததும் அனுப்பறேன்."

"அதுக்குள்ள என் கடையில எவனாவது மோமோ விப்பான்."

"பொன்னாடையைப் போடும்மா, போட்டோக்காரர் நிக்கறார்."

"நிக்கட்டும். நான் ஒன்பது வருஷமா நிக்கறேன்."

செயலாளர் குருமூர்த்தி மாமா என் காதில் சீறினார். "அடுத்த ஐட்டத்தைச் சொல்லித் தொலைடா!"

சொன்னேன். "அடுத்து, மாண்புமிகு தூதர் தம் முதல் உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார். பலத்த கரவொலி!"

முன்வரிசைக்கு விவரம் தெரியாது. தட்டினார்கள். கேமரா மின்னியது. கேமராவைக் கண்டால் சிரித்தே ஆகவேண்டிய ஜாதகம் அவருக்கு; சிரித்துக்கொண்டே போட்டார்.

"ஏமாத்திட்டேளே!" என்றார், சிரிப்புக் கலையாமல்.

"யாரு, நாங்களா?" என்றாள் சித்தி.

மை காயட்டும் என்று காகிதத்தை ஊதியபடியே பொன்னாடையை என் தோளில் எறிந்தாள். "அனந்த், நீயே போர்த்திடு. புது வக்கீல் ஆறு மணி வண்டிக்குப் புரி கிளம்பறார். அதுக்குள்ள இதைக் காட்டினாத்தான் கேஸை எடுத்துப்பார். திங்கட்கிழமை நேரா கோர்ட்டுக்குத்தான் வருவார்."

தேசிய கீதம் வரைக்கும்கூட நிற்காமல் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.