ரெனிஷின் கீபோர்டும் என் ஸ்பேஸ் பாரும்

ரெனிஷ் புது கீபோர்டு வாங்கியிருந்தான். விலை நாற்பத்தாறாயிரம். என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இரண்டு தரம் கேட்டேன். பீச் ரோட்டில் இருக்கும் எங்கள் ஷிப்பிங் ஏஜென்சியில் அவனும் நானும் எதிரெதிர் மேஜை. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. துறைமுகத்தில் கப்பலேறும் கண்டெய்னர்களுக்கு கஸ்டம்ஸ் கேட்கிற ஷிப்பிங் பில் அடிப்பது. அந்த விலை எனக்கு இரண்டு மாதச் சம்பளம். அவனுக்கு அதற்கும் மேல்.

"ஏலே, இதுக்குள்ள தங்கம் எதும் வச்சிருக்கானா?"

"அலுமினியம் பாடிக்கா. ஒவ்வொரு சுவிட்சையும் கழட்டி நானே பிரஷ்ல கிரீஸ் தடவுனேன். மூணு ஞாயித்துக்கெழம கோயிலுக்குக்கூடப் போகல. தட்டிப் பாருங்க, சத்தமே வராது."

தட்டினேன். பஞ்சில் விரல் வைத்த மாதிரி இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் வலது பக்கம் எண் கட்டைகளைக் காணோம். நாள் முழுக்க நாங்கள் அடிப்பதில் பாதி எண்கள்தான். கேட்டால், அது தனியாக வாங்க வேண்டுமாம். ஒன்பதாயிரமாம். இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டு சட்னிக்குத் தனி பில் போடுகிற கடையை எங்கள் ஊர் ஏரலில் நான் பார்த்ததில்லை.

என் கீபோர்டு ஆபீஸ் கொடுத்தது. நானூற்றைம்பது ரூபாய். மூன்று மாதத்துக்கு முன் ஸ்பேஸ் பாருக்குள்ளே ஏதோ உடைந்துவிட்டது. கட்டைவிரலால் ஓங்கிக் குத்தினால்தான் இறங்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற ஒரு சத்தம். "தல வலிக்குக்கா. என் பழைய கீபோர்டத் தாரேன், சும்மாவே வச்சுக்கோங்க" என்று ரெனிஷ் கெஞ்சிப் பார்த்தான். இவன் கொடுத்து நான் வாங்குவதா என்று மறுத்துவிட்டேன்.

அந்த மாதம் எங்கள் இன்சார்ஜ் சுந்தரராஜ் சார் வேறு வேலை கிடைத்துக் கொச்சிக்குப் போனார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வேண்டும். எனக்குப் பின்னால் வந்து, என்னிடமே வேலை கற்றுக்கொண்ட மூன்று பேர் அதில் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை. போன வருஷம் நான் அடித்த ஷிப்பிங் பில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. தப்பென்று கஸ்டம்ஸ் திருப்பி அனுப்பியது ஒன்றுகூட இல்லை. முதலாளி பாண்டியராஜன் அண்ணாச்சியிடம் காட்டுவதற்கு அத்தனையையும் தேதிவாரியாகப் பட்டியல் எடுத்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான்.

"இனி நீதாம்மா இன்சார்ஜ்" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டியலை நீட்டினேன். "இதப் பாருங்க அண்ணாச்சி, ஒரு தப்புகூட..."

"அதெல்லாம் எதுக்கு? கம்ப்யூட்டர்ல யாரு என்ன செய்யுதாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்? காது இருக்குல்லா. இப்பம் மூணு மாசமா ஒன் பக்கம் டமார் டமார்னு ஓயாம வேல நடக்கு. அந்த ரெனிஷ் பய பக்கம் ஒரு சத்தம் கெடையாது. அங்கன உக்காந்து என்னதான் செய்யுதானோ!"

ரெனிஷும் வருஷத்துக்கு ஆயிரம் பில் அடிக்கிறவன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நாற்காலி போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் உழைத்துக் கிடைக்காததை உடைந்துபோன ஒரு ஸ்பேஸ் பார் மூன்றே மாதத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவமானத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார்.

"அழாதம்மா. இன்சார்ஜ் ஆயிட்டே, நல்ல கீபோர்டா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன்."

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி!" என்று பதறிவிட்டேன். "எனக்கு இதுவே போதும்."

"இந்தச் சிக்கனம் அந்தப் பயலுக்கு இருக்கா பாரு" என்றார்.

இடத்துக்கு வந்தேன். இன்சார்ஜ் என்ற வார்த்தை மட்டும் தடுப்பைத் தாண்டிக் கேட்டிருக்கும்போல, ரெனிஷ் எழுந்து நின்று கைகொடுத்தான். "ஒங்களுக்குத்தாங்க்கா கெடைக்கணும்" என்றான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைய பில்லையெல்லாம் பதினோரு மணிக்கே முடித்திருந்தேன். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பேஸ் பாரைக் குத்த ஆரம்பித்தேன்.